புஷ் சின்னது, பில் பெரிசு!

குழாயில் தண்ணீர் சொட்டினால் முக்குக் கடையில் ஒரு ரப்பர் வாஷர் வாங்கி வந்து, அரை மணி நேரத்தில் மாற்றிப் போடுகிற குடும்பத் தலைவர்கள் நம்மூரில் ஏராளம். மிக்ஸிக்குக் கப்ளர் மாற்றுவார்கள், ஃபேனுக்குக் கண்டென்சர் மாற்றுவார்கள், பையனின் சைக்கிளுக்குப் பங்க்சர் ஒட்டுவார்கள். "இதுக்கெல்லாம் ஆள் கூப்பிட்டா கட்டுப்படியாகுமா?" என்று பெருமையாகக் கேட்கவும் செய்வார்கள்.

அதே மனிதர் கார் வாங்கியதும் வேறு ஆளாகிவிடுகிறார். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் "டொக் டொக்" என்று சத்தம் வருகிறது. சர்வீஸ் சென்டருக்குப் போகிறார். அங்கே டை கட்டிய பையன் ஒருவர், "சார், லோயர் ஆர்ம் போயிடுச்சு. ரெண்டு பக்கமும் செட்டா மாத்திடறது பெட்டர்" என்கிறார். இவர் "சரிங்க தம்பி" என்கிறார். குழாய் வாஷருக்கு ஐந்து ரூபாய் அதிகம் கேட்டால் கடைக்காரரிடம் சண்டை போடுகிறவர், இங்கே நாலு இலக்கத் தொகைக்குக் கேள்வியே கேட்காமல் கார்டை நீட்டுகிறார்.

அந்தக் காரில் நிஜமாகவே "போனது" எது? பெரும்பாலான நேரங்களில் ஆர்ம் போகவில்லை. அது வார்த்த இரும்போ, அழுத்தி வளைத்த எஃகுத் தகடோ, அலுமினியமோ... எங்கேயாவது மோதாத வரைக்கும், துரு தின்னாத வரைக்கும் காரின் ஆயுள் வரை வரக்கூடிய சாமான். போனது அதன் முனையில் இருக்கிற ரப்பர் புஷ். அதாவது குழாய் வாஷருக்கு ஒன்றுவிட்ட அண்ணன்!

புஷ் என்ன வேலை செய்கிறது?

சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் மேக்பர்சன் ஸ்ட்ரட் என்கிற அமைப்புதான். மேலே ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். கீழே லோயர் ஆர்ம். ஆர்மின் வெளி முனை பால் ஜாயின்ட் வழியாகச் சக்கரத்தோடும், உள் முனை இரண்டு புஷ் வழியாகக் காரின் அடிச்சட்டத்தோடும் இணைந்திருக்கும்.

புஷ்ஷை வெட்டிப் பார்த்தால் விஷயம் எளிது. வெளியே ஓர் எஃகு வளையம், உள்ளே போல்ட் போக ஓர் எஃகுக் குழாய், இரண்டுக்கும் நடுவே ரப்பர். சும்மா திணித்த ரப்பர் இல்லை. வல்கனைஸ் செய்யும்போதே இரண்டு உலோகத்தோடும் ஒட்டி வளர்ந்த ரப்பர். சக்கரம் ஏறி இறங்கும்போது இங்கே எதுவும் வழுக்குவதில்லை, உரசுவதில்லை. ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. அதனால்தான் இதற்குக் கிரீஸ் வேண்டாம்.

வருடங்கள் ஓட ஓட, வெயில், என்ஜின் சூடு, எண்ணெய்க் கசிவு எல்லாம் சேர்ந்து ரப்பர் இறுகிவிடும். இறுகிய ரப்பர் முறுக்கத்தைத் தாங்காமல் வெடிக்கும். வெடித்த பிறகு ஆர்ம் முன்னும் பின்னும் ஆடும். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் பிடித்தால் "தட்" என்று ஒரு சத்தம் வரும், டயரின் ஒரு ஓரம் மட்டும் சாப்பிட்டுப் போகும். எனவே புஷ்ஷை அலட்சியம் செய்யலாம் என்று யாரும் சொல்லவில்லை. கட்டாயம் மாற்றத்தான் வேண்டும். கேள்வி ஒன்றுதான்: புஷ் போனால் எதற்கு ஆர்மை விற்கிறார்கள்?

இது நம்பிக்கையை விற்கிற வியாபாரம்

வணிகவியல் படிப்பவர்களுக்கு இதற்கு விடை பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார் சந்தையைப் பற்றியது. விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால் சந்தை எப்படிக் கெட்டுப்போகிறது என்பதை அதில் காட்டினார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் புஷ் விவகாரம் அதைவிட ஒரு படி மோசம். 1973-ல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் சரக்குகளில் புதிதாக ஒரு வகையைப் பிரித்துக் காட்டினார்கள். சட்டை மாதிரிச் சில பொருள்களை வாங்கும் முன்னமே தொட்டுப் பார்த்து எடை போடலாம். ஓட்டல் சாப்பாடு மாதிரிச் சிலவற்றைச் சாப்பிட்ட பிறகு எடை போடலாம். மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. வாங்கின பிறகும் கூட, அது தேவைப்பட்டதா இல்லையா என்று வாங்கியவனுக்குத் தெரியவே தெரியாது. நம்பிக்கைச் சரக்கு என்று தமிழில் சொல்லலாம். வைத்தியமும் ரிப்பேரும் இந்த வகை.

யோசித்துப் பாருங்கள். புது ஆர்ம் மாட்டினார்கள், சத்தம் நின்றது. வாடிக்கையாளருக்குத் திருப்தி. ஆனால் புஷ்ஷை மட்டும் மாற்றியிருந்தாலும் அதே சத்தம் நின்றிருக்கும் என்பதை அவர் எப்படித் தெரிந்துகொள்வார்? சத்தமே ஸ்டெபிலைசர் லிங்க் என்கிற கையளவுக் கம்பியிலிருந்து வந்திருக்கலாம். அதையும் சேர்த்து மாற்றிவிட்டு, பில்லில் கடைசி வரியாகப் போட்டிருக்கலாம். நோயைக் கண்டுபிடிப்பவரும் மருந்தை விற்பவரும் ஒரே ஆள். அவரிடம் போய் "எது மலிவான மருந்து?" என்று கேட்டால் எப்படிச் சரியான பதில் வரும்?

சர்வீஸ் சென்டர்காரர்கள் எல்லாரும் திருடர்கள் என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. நல்லவர்கள் நிறையவே உண்டு. ஆனால் அமைப்பு எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். புஷ்ஷைப் பிடுங்கிப் புதிதாக அமுக்க நேரம் ஆகும், பிரஸ் வேண்டும், கைப்பழக்கம் உள்ள ஆள் வேண்டும். ஆர்மை முழுசாக மாற்றினால் சில போல்ட்டுகளோடு வேலை முடிந்தது. உதிரிபாகத்தின் விலையும் அதிகம், லாபமும் அதிகம். அதிக வேலைக்குக் குறைந்த காசு, குறைந்த வேலைக்கு அதிகக் காசு என்று இருந்தால் எந்த வியாபாரி முதலாவதைத் தேர்ந்தெடுப்பார்? குணத்தைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. கணக்கே அப்படி அமைந்திருக்கிறது.

கணக்கு என்றதும் ஒரு கணக்கு

ஊருக்கு ஊர், காருக்குக் கார் விலை மாறும். புரிந்துகொள்வதற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் சேர்த்து நாலு புஷ், ஒன்று 400 ரூபாய் என்றால் 1,600. லேத் பட்டறையில் அமுக்கிக் கொடுக்க 400. வீல் அலைன்மென்ட் 600. ஆக மொத்தம் 2,600 ரூபாய்.

ஆர்மாக மாற்றினால்? ஒன்று 3,500 வீதம் இரண்டு ஆர்ம் 7,000. கூலி 2,000. அலைன்மென்ட் அதே 600. மொத்தம் 9,600 ரூபாய். வித்தியாசம் 7,000.

"அப்ப ஸ்பேனர், ஸ்டாண்டு எல்லாம் சும்மாவா வருது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அது வருவாய்ச் செலவு இல்லை, மூலதனச் செலவு. ஒரு ஜோடி நல்ல ஸ்டாண்டு, சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் மூன்றுக்கும் அந்த 7,000 ரூபாயை அப்படியே போட்டாலும், முதல் வேலையிலேயே போட்ட முதல் திரும்பிவிட்டது. அடுத்த பத்து வருடத்துக்கு அந்தக் கருவிகள் வீட்டுச் சொத்து. எதிர்வீட்டுக்காரருக்குக் கடன் கொடுக்கலாம். திருப்பி வாங்குவது அவரவர் சாமர்த்தியம்!

"வீட்டுல முடியாது சார்"

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் முழு வியாபாரமும் ஓடுகிறது. முடியாது என்பதற்குச் சொல்லும் காரணம், இறுகிப்போன புஷ்ஷை வெளியே எடுக்க பத்து டன் பிரஸ் வேண்டும் என்பது. பழைய புஷ் ஆர்மோடு துருப்பிடித்துக் கல்லாக உட்கார்ந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கல்லை உடைக்க ஒரே ஒரு வழிதான் உண்டா?

ஒரு திருகைப் பற்றிக் கொஞ்சம் பள்ளிக்கூடப் பௌதிகம் பார்ப்போம். 12 மி.மீ. திரெட் ராடில் நட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் அது நகர்வது 1.75 மி.மீ. மட்டுமே. 25 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் முனையோ அந்த ஒரு சுற்றுக்குள் ஒன்றரை மீட்டருக்கு மேல் பயணம் செய்கிறது. கிட்டத்தட்ட 900 மடங்கு. உராய்வு இதில் பத்தில் ஒன்பது பங்கைத் தின்றாலும் 90 மடங்கு மிச்சம். கையால் 20 கிலோ இழுத்தால் புஷ்ஷின் மேல் விழுவது ஒன்றரை டன்னுக்கும் மேல்! நல்ல தரமான திரெட் ராடு ஒன்று, இரண்டு நட்டு, தடித்த வாஷர் சில, புஷ் உள்ளே போய் உட்காரும் அளவுக்கு ஓர் இரும்புக் குழாய்த் துண்டு, மறுபக்கம் புஷ்ஷைத் தள்ளுவதற்கு ஒரு பழைய சாக்கெட். இவ்வளவுதான் வீட்டுப் பிரஸ்.

அதற்கும் அசையவில்லையா? ஹாக்சா பிளேடு இருக்கிறது. நடு ரப்பரைத் துளைத்தோ அறுத்தோ உள் குழாயை எடுத்துவிட்டு, பிளேடை உள்ளே விட்டு, மிச்சம் இருக்கிற வெளி வளையத்தை நீளவாக்கில் பொறுமையாக அறுக்க வேண்டும். ஆர்மில் கீறல் விழாமல், வளையம் மட்டும் அறும் அளவுக்கு. அறுந்ததும் அதுவரை பிடித்திருந்த இறுக்கம் முழுக்கத் தளர்ந்து, உளியால் லேசாகத் தட்டினாலே உள்பக்கம் மடங்கி வந்துவிடும்.

பட்டறைகளில் சில இடங்களில் கேஸ் வைத்து ரப்பரை எரிப்பார்கள். சீக்கிரம் முடியும் என்பது ஒன்றுதான் அதில் நல்லது. புகை நாற்றம் தெருவையே தூக்கும், சுவாசிக்கக் கூடாத புகை அது. அலுமினிய ஆர்ம் என்றால் அந்தச் சூட்டில் உலோகத்தின் பலமே குறைந்துபோகும். வீட்டில் செய்கிறவர் பொறுமையாக அறுப்பார். மணிக்கணக்குப் பார்க்கும் இடத்தில் நெருப்பை வைப்பார்கள். இதில் எது "புரொஃபஷனல்"?

புது புஷ்ஷை உள்ளே ஏற்றுவதற்கும் வீட்டுப் பக்குவங்கள் உண்டு. முதல் நாள் ராத்திரியே அதை ஃப்ரீசரில் வைத்துவிடலாம். 40 மி.மீ. விட்டமுள்ள எஃகு வளையம் 50 டிகிரி குளிர்ந்தால் சுமார் 0.024 மி.மீ. சுருங்கும். பார்க்க ஒன்றுமில்லாத அளவு. ஆனால் இறுக்கமாக உட்கார வேண்டிய இடத்தில் அந்த ஒன்றுமில்லாததும் உதவும். ஆர்மின் துளையைத் துரு போகத் தேய்த்துச் சுத்தமாக்க வேண்டும். வழுக்கலுக்கு என்ஜின் ஆயில் தடவவே கூடாது. இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். சோப்புத் தண்ணீர் போதும். புஷ்ஷில் பள்ளமோ துளையோ இருந்தால் பழையது எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில்தான் புதியதும் உட்கார வேண்டும். அதனால் பிடுங்கும் முன்பே மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

இதிலும் கை நடுங்கினால் ஒரு நடுவழி இருக்கிறது. ஆர்மை வீட்டிலேயே கழற்றி, பையில் போட்டு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் "அண்ணே, இந்தப் புஷ்ஷைத் தள்ளிப் புதுசு அமுக்கிக் குடுங்க" என்றால் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுப்பார். கழற்றுவதும் மாட்டுவதும் வீட்டில், அமுக்குவது மட்டும் வெளியே. புது புஷ் வேண்டுமா, சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோடு இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் அதன் தம்பி தங்கை மாதிரி ஓர் உதிரிபாகத் தெரு இருக்கும். போலிச் சரக்கு கலந்திருக்கும் இடம்தான் அது. பெட்டியைப் பார்த்து, பில் போட்டு வாங்க வேண்டும். மலிவான போலி ரப்பர் ஆறு மாதத்தில் பழைய சத்தத்தையே திருப்பிக் கொடுக்கும்.

கடையில் இன்னொரு தூண்டிலும் வீசுவார்கள். "ரப்பர் எதுக்கு, பாலியூரித்தேன் போடுங்க, சாகும்வரை வரும்!" பந்தயக் காருக்கு அது சரி. ரப்பரைவிடக் கெட்டியானது என்பதால் சக்கரத்தின் கோணம் அசையாமல் நிற்கும். ஆனால் குழிக்குள் ரோடு இருக்கிற நம்மூரில் அந்தக் கெட்டித்தன்மை ஒவ்வொரு குலுக்கலையும் நேராக உட்கார்ந்திருப்பவர் முதுகில் கொண்டுபோய் இறக்கும். பெரும்பாலான பாலியூரித்தேன் புஷ்கள் ரப்பர் போல ஒட்டி வளர்ந்தவையும் இல்லை. வழுக்கிச் சுழல்பவை. கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். இறுகிப்போன ரப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிறக்கும்போதே இறுக்கமான ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

போல்ட்டை எப்போது இறுக்குவது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

புஷ்ஷின் உள் குழாயைப் போல்ட் இறுக்கிப் பிடித்துவிடும். அதன் பிறகு அது சுழலாது. வெளி வளையம் ஆர்மோடு சேர்ந்து சுழலும். நடுவில் ரப்பர் முறுக்கும். சரிதானே? இப்போது காரை லிஃப்ட்டில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது போல்ட்டை முழுசாக இறுக்கினால் என்ன ஆகும்? ஆர்ம் கீழே சாய்ந்திருக்கிற அந்த நிலையைத்தான் ரப்பர் "ஓய்வு நிலை" என்று எடுத்துக்கொள்ளும். காரைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலே ஏறும். வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். பள்ளத்தில் விழுந்து சக்கரம் இன்னும் மேலே போனால் முறுக்கம் எல்லை தாண்டும். புது ரப்பர் சீக்கிரமே கிழியும்.

அதனால்தான் வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கி, ஆர்ம் இயல்பான உயரத்தில் இருக்கும்போதுதான் இந்தப் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள கார்களின் சர்வீஸ் கையேடுகளில் வழக்கமாகக் காணப்படும் விதி இது. அப்படியிருந்தும் தூக்கிய நிலையிலேயே "கிர்ர்ர்" என்று ஏர் கன்னால் இறுக்கி அனுப்பும் வழக்கம் ஒழியவில்லை. ஏன்? இறக்கி, குனிந்து, கையை நுழைத்து, டார்க் ரெஞ்சால் இறுக்குவதற்குக் கூடுதலாகக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்துக்குப் பில்லில் வரி கிடையாது. ஒழுங்காகச் செய்யவில்லை என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. மறுபடி நம்பிக்கைச் சரக்கு!

வீட்டில் செய்கிறவருக்கு இது கஷ்டமே இல்லை. வேலை ஆரம்பிக்கும் முன், கார் சமதரையில் நிற்கும்போதே சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரைக்கும் டேப்பால் அளந்து சுவரில் எழுதிக்கொள்கிறார். எல்லாம் மாட்டிய பிறகு, கார் ஸ்டாண்டில் நிற்க, பால் ஜாயின்ட் பக்கம் ஜாக்கியை வைத்து அதே அளவு வரும்வரை ஆர்மை உயர்த்துகிறார். அப்போது இறுக்குகிறார். முடிந்தது. ஏர் கன் இல்லாத வீட்டுக்காரர், ஏர் கன் வைத்திருப்பவரைவிட நல்ல வேலை செய்ய முடிகிற இடம் இது. காரணம் திறமை கூட இல்லை. அவருக்கு அடுத்த கார் வரிசையில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

உயிர் விஷயம் இல்லையா?

உயிர் விஷயம்தான். வீட்டு வேலையை எதிர்ப்பவர்கள் சொல்வதில் கனமான வாதம் இது ஒன்றுதான். அதை மழுப்பாமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரல்கூடக் காருக்கு அடியில் போகக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் ஸ்டாண்டு ஆகாது, எச்சரிக்காமல் நொறுங்கும். தரை சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, ஹேண்ட் பிரேக், பக்கத்தில் இன்னொரு ஆள். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்க வைப்பது கூடுதல் காப்பு.

இரண்டாவது, எல்லாக் காரும் ஒரே ஜாதி இல்லை. மேக்பர்சன் ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் தன் சொந்தத் தட்டுகளுக்குள்ளேயே அடங்கியிருக்கும். ஆர்மைக் கழற்றினாலும் அது பாய்ந்து வராது. ஸ்பிரிங் நேராக லோயர் ஆர்மின் மேலேயே உட்கார்ந்திருக்கிற வண்டிகளும் உண்டு. அங்கே ஆர்மை அவிழ்ப்பது குண்டைப் பிரிப்பது மாதிரி. அது வீட்டு வேலை கிடையாது. பால் ஜாயின்ட்டும் தேய்ந்து, அது ஆர்மோடு பிரிக்க முடியாமல் சேர்ந்தே வருகிற மாடலாகவும் இருந்தால், முழு ஆர்ம் வாங்குவதே நியாயம். வளைந்த ஆர்ம், விரிசல் விட்ட ஆர்ம் என்றால் கேள்வியே இல்லை, மாற்றத்தான் வேண்டும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்ப்பதும், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு போல்ட்டுகளை மறுபடி பரிசோதிப்பதும் வேலையின் ஒரு பகுதி.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு, "இந்தக் கார் எனக்குச் சரிப்படாது" என்று ஒருவர் ஒதுங்கினால் அது அறிவு. எதுவும் தெரியாமல் "ஐயோ, நமக்கெதுக்கு" என்று ஒதுங்குவது பயம். பயத்துக்கும் பில் போடுவார்கள்.

வாரன்டி பூச்சாண்டி

"வெளியே கை வெச்சா வாரன்டி போயிடும்" என்பது அடுத்த மிரட்டல். புஷ் இறுகிப்போகும் வயதில் உள்ள கார்களுக்குப் பெரும்பாலும் வாரன்டியே முடிந்திருக்கும் என்பது ஒருபக்கம். சட்டம் என்ன சொல்கிறது என்பது இன்னொரு பக்கம்.

2011-ல் ஒரு தனி மனிதர் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு ஒரு புகார் கொடுத்தார். கார் நிறுவனங்கள் அசல் உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் தங்கள் சொந்த டீலர்களுக்கு மட்டும் தருகின்றன, வெளி மெக்கானிக்குகளுக்குத் தருவதில்லை என்பது புகார். மூன்று நிறுவனங்களோடு ஆரம்பித்த விசாரணை விரிந்துகொண்டே போனது. 2014 ஆகஸ்டில் ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மாருதி, டாட்டா, மஹிந்திரா, டொயோட்டா, ஹோண்டா என்று பெரிய பெயர்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. நிறுவனங்கள் அபராதத்தை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போயின.

அபராதத் தொகையைவிட முக்கியம், ஆணையம் அந்த உத்தரவில் சொன்ன விஷயங்கள். ஒரு காரை வாங்கிய பிறகு அதன் உதிரிபாகத்துக்கு அந்த நிறுவனத்தைத் தவிர வேறு கதி இல்லை என்பதால், தன் சொந்தக் காரின் உதிரிபாகச் சந்தையில் ஒவ்வொரு நிறுவனமும் ஆதிக்கம் செலுத்துகிறது என்றது. வெளியாரிடம் ரிப்பேர் செய்தாலே வாரன்டி மொத்தமாக ரத்து என்று ஒட்டுமொத்த நிபந்தனை போடக் கூடாது என்றது. வெளியே செய்த தவறான வேலையால் சேதம் வந்திருந்தால், அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டும் வாரன்டியை மறுக்கலாம் என்றது. கவனியுங்கள், புஷ் மாற்றியதற்காக ஏ.சி.க்கு வாரன்டி கிடையாது என்று சொல்ல முடியாது!

பிறகு 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை "பழுது பார்க்கும் உரிமை" என்ற பெயரில் ஓர் இணையதளத்தையே திறந்தது. கார்களும் அதில் ஒரு பிரிவு. ஆக, காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்ப்பது வாங்கியவனின் உரிமை என்ற எண்ணம் அரசாங்கத்துக்கே வந்துவிட்டது. வர வேண்டியது கார் வைத்திருப்பவர்களுக்குத்தான்.

கையில் கிரீஸ் பட்டால் கௌரவம் போகுமா?

காசு, சட்டம், பௌதிகம் எல்லாம் சொன்ன பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை யாரும் வெளியே சொல்வதில்லை. "படிச்ச மனுஷன், கார் அடியில போய்ப் படுத்துக்கிட்டு... நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

ஆயுத பூஜைக்கு ஸ்பேனருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுகிற ஊர் இது. கார் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற ஊர். மிச்சமுள்ள 364 நாளும் அந்த ஸ்பேனரைத் தொடுகிறவனை ஒரு படி கீழே வைத்துப் பார்க்கிற ஊரும் இதுவேதான். பி.இ. மெக்கானிக்கல் முடித்த பையன் கார் ஜாக்கியைத் தொட்டதே இல்லை என்றால் வீட்டில் யாருக்கும் வருத்தமில்லை. தொட்டால்தான் வருத்தம். மெக்கானிக் ஷெட்டில் பத்து வயதிலிருந்து வேலை கற்றவரை "ஏய், வாப்பா போப்பா" என்று கூப்பிட்டுவிட்டு, டை கட்டிய பையனுக்கு "சார்" போடுகிற மரியாதைக் கணக்கு இதிலிருந்து வருவதுதான். உண்மையில் புஷ்ஷை மட்டும் மாற்றத் தெரிந்தவர் அந்த ஷெட்காரர். அவரை விட்டுவிட்டு, மாற்றத் தெரியாதவரிடம் மூன்று மடங்கு கொடுப்பதற்குப் பெயர் கௌரவம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காருக்கு அடியில் படுத்துப் பார்க்கிறவருக்கு முதலில் புரிவது, இந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்பதுதான். துருப்பிடித்த ஒரே போல்ட் இரண்டு மணி நேரத்தைத் தின்னும். தோள் வலிக்கும், கண்ணில் துரு விழும். அதன் பிறகு அவர் ஷெட்காரரிடம் கூலி பேரம் பேச மாட்டார். அதே சமயம், செய்யாத வேலைக்குப் போட்ட பில்லுக்கும் தலையாட்ட மாட்டார். நல்ல வேலைக்கு நல்ல கூலி, பொய்ப் பில்லுக்குக் கேள்வி. இரண்டையும் ஒரே அனுபவம் கற்றுக் கொடுக்கிறது.

எல்லாரும் வீட்டிலேயே புஷ் மாற்ற வேண்டும் என்பதில்லை. வயதானவர்கள் இருக்கிறார்கள், இடமில்லாத அபார்ட்மென்ட்வாசிகள் இருக்கிறார்கள், நேரமே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு தெருவில் ஒருவர் செய்தாலும் போதும். "ஆர்ம் போயிடுச்சுன்னு சொல்றாங்களே, கொஞ்சம் பாருங்க" என்று மற்ற ஒன்பது பேர் அவரிடம் வருவார்கள். அவர் ஒரு கடப்பாரையை ஆர்முக்கு இடையில் கொடுத்து லேசாக நெம்பிப் பார்த்து, "ஆர்ம் நல்லாத்தான் இருக்கு, ரப்பர்தான் வெடிச்சிருக்கு" என்று சொல்வார். அந்த ஒன்பது பேரும் அடுத்த முறை சர்வீஸ் சென்டரில் "புஷ் மட்டும் மாத்தித் தருவீங்களா? இறக்கி வெச்சு இறுக்குவீங்களா?" என்று இரண்டு கேள்வி கேட்பார்கள். கேட்கிறவர்கள் அதிகமானால் விற்கிறவர்கள் மாறித்தான் ஆக வேண்டும். சந்தை என்றால் அதுதான்.

அதுவரைக்கும் டொக் டொக் சத்தம் கேட்டால், முதலில் கார்டைத் தேடாமல் ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு காரின் அடியில் குனிந்து பாருங்கள். பார்ப்பதற்கு இன்னும் யாரும் பில் போடவில்லை.